தலைமாட்டுக் கொடி

— எழுந்தேன். பல் தேய்ச்சேன். காபி போட்டேன். நாயை வெளியே விட்டேன். நாய் உள்ளே வந்துச்சு. அதுக்குத் தீனி வெச்சேன். எனக்கு ரொட்டி சுட்டேன். திங்கலை. போதுமா மச்சான்? காலையில என்ன பண்ணேன்னு கேட்டே, சொல்லிட்டேன்.

— நான் கேட்டது இன்னிக்குக் காலையில இல்ல, எலியட். நேத்து காலையில.

— நேத்தும் அதேதான். எழுந்தேன். பல் தேய்ச்சேன்.

— நடுவுல கல்லறைக்குப் போனியே, அதைச் சொல்லு.

— போனேன்.

— போயி?

— என் பொண்டாட்டி தலைமாட்டுல ஒரு கொடி நட்டு வெச்சிருந்துச்சு. பிடுங்கினேன். வீட்டுக்குக் கொண்டாந்து வாசல் குப்பைத் தொட்டியில போட்டேன். கை கழுவினேன். அப்புறம் ரொட்டி சுட்டேன்.

— குப்பைத் தொட்டியில.

— மூடிதான் வெச்சேன். ஈ மொய்க்கலை.

— சொல்றேன் கேளு மாப்ள. இந்த ஊர்ல ஒருத்தன் குடிச்சுட்டு வந்து தேவாலயத்துச் சுவத்துல வண்டியை விடலாம். அடுத்தவன் பொண்டாட்டியோட ஓடிப்போகலாம். அடுத்த அறுவடைக்குள்ள ஊர் மறந்துடும். நாட்டுக் கொடியைக் காபிச் சக்கையோட சேர்த்துக் குப்பையில போட்டவனை, அவன் பேரன் செத்தாக்கூட மறக்காது. கிழிஞ்ச கொடியையே நாங்க மடிச்சு வெச்சு, வரிசையா நின்னு, சல்யூட் அடிச்சுத்தான் எரிப்போம். தெரியும்ல?

— தெரியும். ஜூன் மாசம் அந்தப் புகை எங்க வீடு வரைக்கும் வரும். மார்னி ஜன்னலைச் சாத்துவா.

— பொய் சொல்லாத. என் தங்கச்சி வருஷா வருஷம் அங்க வந்து என் பக்கத்துல நிப்பா.

— நிப்பா. அப்புறம் வீட்டுக்கு வந்து, நீங்க சல்யூட் அடிச்சதை அப்படியே அடிச்சுக் காட்டுவா. சட்டைக்குள்ள தலகாணியைச் சொருகிக்கிட்டு.

— தலகாணி எதுக்கு?

— தொப்பைக்கு.

— யாரு தொப்பை?

— அதைக் கண்டுபிடிக்க ஒரு கமிட்டி போடு மச்சான். நீதான படைவீரர் சங்கத் தலைவர்.

— சரி. சிரிச்சுக்கோ. இன்னிக்கு ஜூலை நாலு, சுதந்திர தினம். தீயணைப்பு நிலையத்துல பேன்கேக் சுட ஆரம்பிச்சாச்சு. பத்து மணிக்கு ஊர்வலம். அது எங்க போயி முடியும்?

— கல்லறையில.

— எங்கம்மா எங்க வந்து நிப்பா?

— மார்னிகிட்ட.

— அங்க கொடி இருக்காது. மே மாசத்துலருந்து அம்மாவுக்கு அந்தக் கொடின்னா உசுரு. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு நேரா அங்கதான் போறா. காத்துல சுருட்டிக்கிட்டா பிரிச்சு விடுறா, பொண்ணுக்குத் தலை சீவி விடுற மாதிரி. இன்னிக்கு ஊரே பார்க்க அங்க வெறுங்கல்லு நிக்கும். பத்து மணிக்குள்ள நீயே உன் கையால கொண்டுபோய் நடணும். நான் கேக்குறது அவ்வளவுதான்.

— நட மாட்டேன்.

— மாமியாருக்காகக்கூடவா?

— அவங்க பூ வெக்கலாம். பொம்மை வெக்கலாம். நான் தடுக்கலையே.

— ஊர்வலம் பார்க்க அம்மா தெருவோரத்துல நேத்து சாயங்காலமே நாற்காலி போட்டுட்டா. நாலு நாற்காலி. அவளுக்கு, எனக்கு, என் பொண்டாட்டிக்கு, உனக்கு. உன்னோடதுல ஒரு துண்டு விரிச்சு வெச்சிருக்கா, வெயில்ல சூடாயிடும்னு.

— மடிச்சு வெச்சிடு.

— நீ வந்து மடி. காலேஜுல இதைத்தான் சொல்லிக்கொடுத்தாங்களா? முக்காலியை வெச்சு அடுத்தவன் நிலத்தை அளக்கத் தெரியுது. ஒரு கிழவிக்கு முன்னாடி வந்து உட்காரத் தெரியலை.

— உட்கார்ந்தா மைக்கு வரும் மச்சான். வருஷா வருஷம் வருதே. ஆளுக்கு ஒரு நன்றி. போன வருஷம் உன் சித்தப்பா சுதந்திரத்துக்கு நன்றி சொன்னாரு. அதுக்கு முந்தின வருஷமும் சுதந்திரத்துக்குத்தான் சொன்னாரு. அப்புறம் வீட்டுக்குப் போயி, அவரு பொண்ணு யாரைக் கட்டிக்கலாம்னு அவரே முடிவு பண்ணாரு.

— அது அவரு குடும்ப விஷயம்.

— அதான். ஊர்ல எல்லாருக்கும் சுதந்திரம் இருக்கு, வாசல்ல தொங்குது. உள்ள கொண்டுபோறதில்ல.

— இப்படிப் பேசிட்டு நீ நிம்மதியா இந்த அடுப்படியில உட்கார்ந்திருக்கே பாரு. கொடியைக் குப்பையில போட்டுட்டு, நாக்கையும் நீட்டுறே, ஒரு போலீஸ்காரனும் வரலை. அது யாரால? நான் பாலைவனத்துல மணலைத் தின்னேனே, அதனால.

— நீ அங்க லாரி ரிப்பேர் பண்ணே.

— லாரி ஓடினாத்தான்டா சண்டை நடக்கும்.

— சரி. உன்னால எனக்குச் சுதந்திரம் கிடைச்சுது. நான் அதை நேத்து உபயோகிச்சேன். அலமாரியில வெச்சுப் பூட்டுறதைவிட அது மேல்தானே?

— உன் வாயில நாலு குத்து விட்டா அதுவும் சுதந்திரம்தான்.

— விடு. ஆனா முதல்ல ஒண்ணு சொல்லு. கொடி யாருக்கு நடலாம்?

— படையில இருந்தவங்களுக்கு.

— யாரு போட்ட சட்டம்?

— எப்பவும் உள்ள சட்டம்.

— நம்ம டாக்டர் லிண்ட்குவிஸ்ட் செத்தப்ப அவரு பொண்டாட்டி உன்கிட்ட வந்து கேட்டாங்க. இந்த ஊர்ல பாதிப் பேரு அவரு கையில பொறந்தவங்க. நீயும்தான். அந்தம்மாவை வாசல்ல நிக்க வெச்சுட்டு என்ன சொன்னே?

— படை வேற, சேவை வேறன்னு சொன்னேன்.

— அந்தம்மா அழுதுக்கிட்டே போனாங்க. மார்னி ஒரு மாசம் உன்கூடப் பேசலை. சரி, அவளாவது படையில இருந்தாளா?

— இல்ல.

— ஸ்கூல் பஸ் ஓட்டினா. ஹார்ன் அடிச்சா. பின்னாடி திரும்பி, உட்காருங்கடா குரங்குகளான்னு கத்தினா. பிரசவம் பார்த்த டாக்டருக்கு இல்லாத கொடி பஸ் ஓட்டினவளுக்கு எப்படி வந்துச்சு?

— மே மாசம் படைவீரங்க கல்லறைக்கெல்லாம் கொடி நடுற சாரணர் பசங்க வரிசை மாத்தி நட்டிருப்பாங்க. நட்டதைப் பிடுங்கினா மரியாதையில்லன்னு எல்லாரும் விட்டிருப்பாங்க. இந்த ஊர்ல கொடியை நட ஆள் இருக்கும், எடுக்க ஆள் இருக்காது.

— நான் எடுத்தேனே. மே மாசம் உன் கராஜுக்கே கொண்டாந்து மேஜை மேல போட்டேன்.

— போட்டே. வாடிக்கைக்காரங்க முன்னாடி என் அப்பனை இழுத்துத் திட்டினே.

— ஒரு வாரத்துல திரும்ப நின்னுச்சு. ஜூன்ல எடுத்து உன் பிக்கப் வண்டியில, காபி வெக்கிற குழியில சொருகிட்டுப் போனேன். அதுவும் திரும்ப நின்னுச்சு. பசங்க அத்தனை தடவையா வரிசை மாத்தினாங்க?

— உள்ள வரலாமா கண்ணு? கதவு திறந்துதான் இருந்துச்சு. அட, டுவெய்னும் இருக்கியா.

— வாங்க ஷெர்லின் அக்கா. எங்க கதவும் உங்க ஜன்னலும் எப்பவும் திறந்துதான இருக்கு.

— அவன் கிண்டல் பண்றான், நீ உட்காரு ஷெர்லின்.

— உட்கார நேரமில்ல டுவெய்ன். ஏப்ரல்ல மார்னி போனப்ப நூடுல்ஸ் செஞ்சு கொண்டாந்தேனே எலியட், அந்தக் கண்ணாடிப் பாத்திரம். அவசரமில்லன்னு அப்ப சொன்னேன். இன்னிக்குக் கொஞ்சம் அவசரம். உருளைக்கிழங்கு சாலட் கொண்டுபோகணும். அடியில டேப் ஒட்டி என் பேரு எழுதியிருக்கும்.

— கீழ் அலமாரி. பார்த்து எடுங்க. ஊர்ப் பாத்திரம் பூரா அங்கதான் இருக்கு.

— ஐயோ கடவுளே. ஒருத்தருக்கும் திருப்பிக் கொடுக்கலையா? ஒரு நன்றி அட்டையாவது போட்டிருக்கலாமே கண்ணு. மார்னியோட அம்மா கட்டுக் கட்டா வாங்கிக் கொடுத்தாங்களே.

— அட்டை இருக்கு. அதுலயே தங்க எழுத்துல நன்றின்னு அச்சடிச்சிருக்கு. நான் சொல்ல மிச்சம் வெக்கலை.

— அப்படிப் பேசாத. போன ஞாயித்துக்கிழமை பாஸ்டர் என்ன அழகா சொன்னாரு தெரியுமா? குழாயைத் திறந்தா வெந்நீர் வருது. சுவிட்சைத் தட்டினா குளுகுளுன்னு காத்து. பிடிச்ச கோயிலுக்குப் போகலாம், பிடிக்காதவனுக்கு ஓட்டுப் போடாம இருக்கலாம். கடைக்குப் போனா ஒரு சுவர் முழுக்க ரொட்டி. உலகத்துல எத்தனை பேருக்கு இதெல்லாம் இருக்கு? தினமும் ஒண்ணை நினைச்சு நன்றி சொல்லுங்க, மனசு லேசாகும்னாரு.

— நீங்க சொல்றீங்களா?

— தினமும் சொல்றேன். இன்னிக்கு மைக்லயும் சொல்லப்போறேன்.

— எதுக்கு?

— சுதந்திரத்துக்கும், என் புது முட்டிக்கும்.

— அடுத்தவன் குப்பையில என்ன இருக்குன்னு பார்க்கிற சுதந்திரத்தையும் சேர்த்துக்கோங்க.

— நான் எங்க பார்த்தேன்? செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தேன். கொடியோட நட்சத்திரம் தெரிஞ்சுது. மூடி பாதிதான் மூடியிருந்துச்சு கண்ணு.

— மூடிதான் வெச்சேன்னு சொன்னியே மாப்ள.

— பொய் சொன்னேன் மச்சான்.

— நான் யார்கிட்டயும் மூச்சு விடலை. இந்த டுவெய்ன்கிட்ட சொன்னேன். அப்புறம் நார்மாகிட்ட. அவ யார்கிட்டயும் சொல்ல மாட்டா.

— நார்மா ஊர்ப் பத்திரிகை நடத்துறா ஷெர்லின்.

— அது வியாழக்கிழமைதான வருது. டுவெய்ன், நீயாவது இவனுக்கு எடுத்துச் சொல்லு. மார்னி எப்படிப்பட்ட பொண்ணு. சாகுறப்பகூட, எல்லாத்துக்கும் நன்றின்னு சொல்லிட்டுத்தான கண்ணை மூடினா? பாஸ்டர் அதைச் சொன்னப்ப அழாத ஆளு உண்டா? அவ புருஷன் இப்படி உட்கார்ந்திருக்கானே. சரி, நான் வரேன். பேன்கேக் தீர்றதுக்குள்ள வாங்க ரெண்டு பேரும்.

— போயாச்சா?

— போயாச்சு மாப்ள. வேற யாரு பாத்திரத்தையோ தூக்கிட்டுப் போறா.

— போகட்டும். இன்னும் ரெண்டு பேரு அப்படி வந்தா அலமாரி காலியாகும்.

— அவ நல்லவடா. நீ ஏப்ரல்ல அவ நூடுல்ஸைத்தான் ஒரு வாரம் தின்னே.

— நாய் தின்னுச்சு. மச்சான், ஒண்ணு கேக்குறேன். அந்த வார்த்தையைப் பாஸ்டருக்கு யாரு சொன்னது?

— எந்த வார்த்தை?

— எல்லாத்துக்கும் நன்றி. அவ செத்தப்ப ஆஸ்பத்திரி அறையில நீ மட்டும்தான் இருந்தே. ராத்திரி முழுக்க நான்தான் உட்கார்ந்திருந்தேன். விடிஞ்சதும் நீ வந்தே. நாய் பாவம், வீட்டுக்குப் போயி வெளியே விட்டுட்டு வான்னே. வந்தேன். எழுந்தேன், பல் தேய்ச்சேன்னு தினமும் சொல்ற மாதிரி அன்னிக்கும் நாயை வெளியே விட்டேன். அது ஒவ்வொரு மரமா மோந்து பார்த்துச்சு. நானும் அவசரப்படுத்தலை. திரும்பி வந்தா நீ நடைவழியில தொப்பியைக் கழட்டிட்டு நிக்கிறே.

— அம்மாதான் பாஸ்டர்கிட்ட சொன்னா.

— அம்மாகிட்ட?

— நான். ஆஸ்பத்திரி வாசல்லயே என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டா. கடைசியா என்னடா சொன்னா, என்னடா சொன்னான்னு. எதையாவது சொல்லணும்ல. வாய்ல வந்துச்சு, சொன்னேன்.

— அப்ப அவ அதைச் சொல்லலை.

— சொல்லலை.

— தெரியும். மார்னி மொத்த வியாபாரம் பண்றவ இல்ல. போன நவம்பர்ல நன்றி சொல்ற நாளன்னிக்கு உங்க வீட்ல வான்கோழி ஆறிப்போக ஆறிப்போக எல்லாரும் சுத்தி உட்கார்ந்து நன்றி சொன்னீங்களே. நீ என்ன சொன்னே?

— நாட்டுக்கும் குடும்பத்துக்கும்.

— உன் பொண்டாட்டி?

— குடும்பத்துக்கும் நாட்டுக்கும்.

— அவ?

— ஞாபகம் இருக்கு. இந்த வருஷம் என் பஸ்ல ஒரே ஒரு பையன்தான் வாந்தி எடுத்தான், அவனுக்கு நன்றின்னா.

— உங்கம்மா கரண்டியை வெச்சுட்டு எழுந்து போனாங்க.

— நான் சிரிச்சதுல பட்டாணி மூக்குல ஏறிடுச்சு.

— அதான் மார்னி. அவ வாயில பாஸ்டரோட வாக்கியத்தைத் திணிச்சு, ஊரே கைக்குட்டையை எடுத்துச்சு. நான் முன் வரிசையில உட்கார்ந்து கேட்டுட்டிருந்தேன். யாரோ ஒரு பொம்பளையைப் புதைக்கிறாங்க, நான் தப்பான வீட்டுக்கு வந்துட்டேன்னு தோணுச்சு.

— அன்னிக்கே என்னைக் கேட்டிருக்கலாமே மாப்ள. அப்புறமும் நீ ஒரு தடவைகூடக் கேட்கலை.

— கேட்டா நீயும் அதையே சொல்லுவே. அப்புறம் உன் மூஞ்சியைப் பார்க்க முடியாது. அதான் கேட்கலை. இப்பக் கேக்குறேன். என்ன சொன்னா?

— விடு.

— கெட்டதா?

— இல்ல.

— என்னைத் திட்டினாளா? நாயைப் பார்க்கப் போனதுக்கு?

— இல்லடா.

— அப்ப ஒண்ணுமே பேசலையா? பேசலைன்னா பேசலைன்னு சொல்லு. அதை வெச்சுக்கிட்டும் என்னால இருக்க முடியும். இப்படித் தெரியாம இருக்கிறதுதான் முடியலை.

— பேசினா. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னும் சொல்லிட்டா.

— செத்தவளுக்கு நீ கொடுத்த வாக்கு. உயிரோட இருக்கிற அம்மாவுக்கு நீ சொன்ன பொய். ரெண்டுலயும் நீ ரொம்பக் கறார். சரி. பேரம் பேசலாம். நீ அவ சொன்னதைச் சொல்லு. நான் கொடியைக் கொடுக்கிறேன்.

— கொடி தொட்டியில இல்ல. உள்ள வர்றதுக்கு முன்னாடியே கையை விட்டுத் துழாவிட்டுத்தான் வந்தேன். இன்னிக்கு லீவு நாளு, குப்பை வண்டியும் வந்திருக்காது. எங்கடா?

— ஃபிரிட்ஜ் மேல.

— இது ஈரமா இருக்கே.

— காபிச் சக்கை ஒட்டியிருந்துச்சு. கழுவினேன்.

— கழுவினியா? நீயா?

— நாய் தொட்டியைக் கவுத்துடும். அதுக்காக எடுத்தேன். அவ்வளவுதான். சாயம் போகலை, அதுக்கு வேணா மைக்குல நன்றி சொல்லிக்கோ.

— குச்சியையும் தொடைச்சிருக்கே.

— மச்சான். சொல்லு.

— முதல்ல நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. அவளைப் புதைச்சதுக்கு அப்புறம் நீ எங்கெங்க போனே?

— எங்கயும் போகலை. வேலை வீட்லயே இருக்கு. வரைபடம் வரையுறேன், அனுப்புறேன். மளிகை வாசல்ல வந்து இறங்குது. பாஸ்டர் சொன்ன மாதிரி குழாயைத் திறந்தா வெந்நீர் வருது. வெளியே போக ஒரு காரணமும் இல்ல. எவ்வளவு வசதியான நாடு.

— மே மாசம் என் கராஜுக்கு வந்தே.

— கொடியை உன் மூஞ்சில எறிய வந்தேன்.

— ஜூன்ல என் வீட்டுக்கு வந்தே. பிக்கப் கதவை உடைக்கிற மாதிரி சாத்திட்டு முற்றத்துல நின்னு கத்தினே. கத்தி முடிச்சு, என் பொண்டாட்டி நீட்டின சாண்ட்விச்சை நின்னுக்கிட்டே தின்னே. ரெண்டு. மூணாவது கேட்டே.

— பசிச்சுது.

— நேத்து கல்லறைக்குப் போனே. இன்னிக்கு என்கூட இவ்வளவு நேரம் வாயாடுறே. இதெல்லாம் எதனால?

— உன் எழவெடுத்த கொடியால.

— அதை நட்டது யாரு?

— பசங்கன்னு சொன்னே.

— நான்தான்டா நட்டேன். ஒவ்வொரு தடவையும் நான்தான். விடியறதுக்கு முன்னாடி, திருடன் மாதிரி. டாக்டர் பொண்டாட்டி இப்ப என்னைக் கடைத்தெருவுல பார்த்தா அந்தப் பக்கம் போயிடுது. சங்கத்துல கிழவனுங்க என்னைப் பார்த்து, சட்டம் பேசின டுவெய்ன் தங்கச்சிக்குன்னா வளைச்சுட்டான்னு பேசிக்கிறானுங்க. நான் வாயே திறக்கலை.

— ஏன் நட்டே?

— நீ நாயை விடப் போனதும் அவ கண்ணைத் திறந்தா. அவன் எங்கன்னு கேட்டா. நாயை விடப் போயிருக்கான்னேன். நல்லதுன்னா. அப்புறம், அண்ணா, என் தலைமாட்டுல ஒரு கொடி நடுன்னா.

— மார்னியா?

— நானும் அப்படித்தான் கேட்டேன். நானொரு மடையன், சாகப்போறவகிட்ட சட்டம் பேசினேன். நீ படையில இல்லையேம்மா, நட முடியாதேன்னேன். சிரிச்சா. சிரிச்சதுல இருமல் வந்துடுச்சு. எனக்கா கேக்குறேன், அவனுக்குண்ணா, அவன்கிட்ட மட்டும் சொல்லாதன்னா. மாப்ளைக்கு இதெல்லாம் ஆகாதே, பார்த்தான்னா பேயா வந்து பிடுங்கிப் போட்டுடுவானேன்னேன்.

— அதுக்கு என்ன சொன்னா?

— ‘பிடுங்கட்டும். நீ திரும்ப நடு.’